கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூர்: தம்பிக்கு மூன்று வரிசை பின்னால்

என் தம்பி ரியாஸுக்கு இருபத்தெட்டு வயது. ஆட்டிசம் உள்ளவன். நன்றாகப் பேசுவான், படிப்பான். ஆனால் பெரிய சத்தமும், சொல்லாமல் கொள்ளாமல் மாறும் திட்டமும் அவனை உலுக்கிவிடும். சென்ற தை மாதம் தஞ்சாவூரில் பழைய பத்திரங்களையும் பட்டாக்களையும் ஸ்கேன் செய்து தரும் கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒரே நிபந்தனை, தானாக வந்து போக வேண்டும். “பஸ்ல தனியாவா? அந்த வேலையே வேணாம்” என்றார் உம்மா. மூன்று வாரம் பழக்கிப் பார்க்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

முதல் வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் வாரம் பின் இருக்கை. மூன்றாம் வாரம் மூன்று வரிசை தள்ளி, யாரோ போல. காலை 7.20க்குக் கூத்தாநல்லூரில் நகரப் பேருந்து. மன்னார்குடி சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இதில் இருவருக்குமே கட்டணம் இல்லை. நான் பெண், அவனிடம் மாற்றுத்திறனாளி அட்டை. மன்னார்குடியில் 8.10க்குத் தஞ்சாவூர் வண்டி, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு 28 ரூபாய். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள ஜன்னலோரம்தான் அவன் இடம்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, வடுவூர் ஏரியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. புறவழிச்சாலைக்கு நஞ்சை நிலத்தை எடுப்பதை எதிர்த்துச் சாலை மறியல். டிராக்டர் மேல் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

“வண்டி போவாதுங்க. எறங்கி நடந்தா அந்தப் பக்கம் தஞ்சாவூர் வண்டி நிக்கும்” என்றார் நடத்துனர்.

எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். ரியாஸ் இறங்கவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி, அடுத்து வரவேண்டிய நிறுத்தங்களின் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். “காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்” என்று ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். ரியாஸ் கத்தினான்.

யாரோ போல உட்கார்ந்திருக்க அதற்குமேல் முடியவில்லை. “கைய எடுங்க. அவரு என் தம்பி, குடிக்கல. சத்தம் தாங்காது அவருக்கு” என்றேன். அந்த ஆள் சங்கடத்தோடு ஒதுங்கினார். நான் இறங்கி மறியல்காரர்களிடம் ஓடினேன். முன்வரிசையில் ஓர் அம்மா, களை பறிக்கப் போகும்போது போடும் ஆம்பளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். மைக்கைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

“எங்க நெலம் போவுது. சத்தம் போடாம யாரு காதுல விழும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தம்பியைப் பற்றிச் சொன்னேன். பேருந்தை எட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“அஞ்சு நிமிஷம்.”

அவர் எழுந்து டிராக்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “செத்த நேரம் நிறுத்துங்க. ஒரு தம்பி தாண்டிப் போவணும்.”

மைக் நின்றது. கூட்டமும் அடங்கியது. வயலில் கொக்கு கத்துவது கேட்டது.

நான் பேருந்துக்குத் திரும்பியபோது ரியாஸ் மெல்லக் காதிலிருந்து கைகளை எடுத்தான். அன்றன்றைய திட்டத்தை எழுதி வைத்திருக்கும் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: இறங்கு. நட. வேறு பஸ், தஞ்சாவூர்.

“வேற பஸ் எது?”

“தெரியல.”

பேனாவை வாங்கி அவனே நான்காவதாக எழுதினான்: கேட்க வேண்டும்.

இறங்கி எனக்கு முன்னால் நடந்தான். நேராக அந்த அம்மாவிடம் போனான். “தஞ்சாவூர் பஸ் எதுங்க?”

“அந்தா, புளியமரத்துகிட்ட நிக்குதே, அதாம்ப்பா.”

போகாமல் நின்றான். “உங்க நிலம் சர்வே நம்பர் என்ன?”

அவர் சொன்னார். ரியாஸ் இருமுறை சொல்லிப் பார்த்தான். “அதக் கேக்க ஒருத்தரும் வரலன்னுதான் காலையிலேர்ந்து ஒக்காந்திருக்கோம்” என்றார் அந்த அம்மா பக்கத்திலிருந்தவரிடம். 9.30க்குச் சேரவேண்டிய கடைக்கு 10.15க்குப் போனோம். காரணத்தை முதலாளியிடம் ரியாஸே சொன்னான்.

இப்படிப் பழக்க நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். அட்டை கழுத்தில் தொங்கட்டும். அன்று அவனுடையது பைக்குள் கிடந்ததால்தான் குடிகாரன் ஆனான். ஏறும்போதே நடத்துனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காதுக்கு அடைப்பான் அவசியம், இப்போது இரண்டு ஜோடி வைத்திருக்கிறோம். தொட்டு இழுக்க வேண்டாம், எழுதிக் காட்டுங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் மட்டும் பழக்கினால் போதாது. வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். எனக்கு அது மறியல் நாளில்தான் உறைத்தது.

அன்று மாலை 4.40க்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டி வந்தது. ரியாஸ் படியில் ஏறிவிட்டுத் திரும்பினான். அக்காவை எங்கள் வீட்டில் ராத்தா என்போம்.

“ராத்தா, நீ அடுத்த பஸ்ல வா.”

வண்டி கிளம்பியது. உம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம் நின்றேன்.