முதலைக்கு வைத்த சந்தனம்

அமெரிக்காவில் பார்சிப்பனிக்கு வந்த மூன்றாம் வருடம் எனக்கு ரயில் பைத்தியம் பிடித்தது. ஆபீஸ் விட்டால் வீடு, சனிக்கிழமையானால் யார் வீட்டிலாவது ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு போகும் பாட்லக் விருந்து, அங்கேயும் கிரீன் கார்டு பேச்சு. அலுத்துப்போயிருந்தேன். பக்கத்து ஊர் சர்ச்சின் பேஸ்மென்ட்டில் பொம்மை ரயில் கிளப் ஒன்று நடக்கிறது என்று தெரிந்ததும் ஓடினேன். பொம்மை என்றால் அங்கே அடிக்க வருவார்கள், மாடல் என்று சொல்ல வேண்டும்.

அறை முழுக்க ஒரு மலை, அதைக் குடைந்து நீளமாக ஒரு சுரங்கம். கிளப்பில் சேர ஒரே விதிதான். நாமே செய்த என்ஜின் எட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, கை படாமல் சுரங்கத்தைத் தாண்ட வேண்டும். நடுவில் நின்றால் அடுத்த வருடம்தான். தேர்வு வைப்பவர் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையரான ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

நான் செய்தது முதலை. பம்பாயில் வேலை பார்த்த நாளில் யார்டில் அந்தப் பழைய மின்சார என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு, நடுவில் டிரைவர் அறை. ரயில் பிரியர்கள் அதை முதலை என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் மலைப்பாதையில் ஓடியவை. நீராவி என்ஜின் சுரங்கத்துக்குள் நுழைந்தால் புகையில் மூச்சு முட்டும், அதனாலேயே பல மலைப்பாதைகளுக்கு மின்சாரம் சீக்கிரம் வந்தது.

எட்டு மாதம் கிச்சன் டேபிளில்தான் வேலை நடந்தது.

"டேபிள்ல முதலை படுத்திருக்கு, நாம கீழ உக்காந்து சாப்பிடறோம். நல்லா இருக்குங்க உங்க அமெரிக்கா!" என்றாள் மனைவி.

கேலி செய்தாலும் அவளுக்குத் தெரியும், அந்தக் கிளப்புக்காக நான் எப்படி ஏங்கினேன் என்று. மூன்று வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள் என்னை "வா, உட்கார்" என்று சொன்ன ஒரே இடம் அது.

தேர்வு நாள் சரியாக ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது. காலையில் கார், கம்ப்யூட்டர், கிரைண்டர் வரிசையில் முதலையையும் வைத்தேன். மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்ததோடு விட்டிருக்கலாம். கார் டயருக்கு வைத்த கை சும்மா இருக்குமா? முதலையின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தாராளமாகப் பூசினேன். ஐந்து வயது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சக்கரத்துக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"ஓடப்போறது அதுதானே!"

மூவரும் கிளப்புக்குப் போனோம். முதலை கம்பீரமாகக் கிளம்பிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. மாடல் ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறும். காய்ந்த சந்தனம் பொடிந்து நடுவில் புகுந்து அதை மறித்துவிட்டது. எலெக்ட்ரிக்கல் என்ஜினியரிங் படித்தவன் நான், சொல்லவே கூசுகிறது.

பெரியவர் மலையின் ஒரு பக்கத்தைக் கழற்றி முதலையை எடுத்தார். சக்கரத்தைச் சுரண்டி, முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பூஜை என்று சொல்ல வாய் வரவில்லை.

"என் மகள் விளையாட்டாகப் பூசிவிட்டாள்" என்றேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

குழந்தை செய்ததற்கு அப்பாவைத் தண்டிப்பானேன் என்று பெரியவர் சக்கரங்களைத் துடைத்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். முதலை சுரங்கத்தைத் தாண்டியது. கைதட்டினார்கள், நான் மெம்பர் ஆனேன்.

காரில் ஏறியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பழியத் தூக்கி குழந்தை மேல போட்டுட்டீங்களே, வெக்கமா இல்ல?"

"விடு, அவளுக்கு என்ன புரியும்?" என்றேன்.

ஆனால் எனக்குப் புரிந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் கிளப்புக்குள் நுழையும்போது மகள் அன்று பார்த்த பார்வை நினைவுக்கு வந்து என்னவோ செய்தது. அடுத்த ஆயுத பூஜையன்று ஒரு டப்பா சுண்டலோடு போய், பெரியவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சுண்டலை மென்றபடி, "தெரியும்" என்றார். போன வருடம் நான் முதலையைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோதே என் மகள் அவரிடம் போய்த் தன் இங்கிலீஷில் சொல்லிவிட்டாளாம். பூசியது அவள் இல்லை, அப்பாதான். ஆனால் அப்பாவை வெளியே அனுப்பிவிட வேண்டாம், அவருக்கு வேறு ஃபிரெண்ட்ஸே கிடையாது என்று.