பதினோராம் பக்கத்தில் நான் சேர்த்த நிபந்தனை

ஆங்கில ஆசிரியையாக இருந்து நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், பள்ளிவாசல் தலைவர் வீடு தேடி வந்தார். கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் கரையோர ஊரில் வீடு கட்டக் காணி இல்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்ய வேண்டும் என்பதால், இருக்கிற வீட்டையே பலகை அடித்துப் பிரித்து, ஒரு கூரைக்குள் மூன்று குடும்பம் சமைக்கும். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கரையில் இருந்த சனமும் உள்ளே வந்து நெருங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கு வக்பாக, தர்மத்துக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட காணியொன்றில் இருபத்துநான்கு குடும்பங்களுக்கு மாடி வீடுகள் கட்ட, வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம்.

"இங்கிலீசுல எழுத ஆளில்ல டீச்சர். நீங்கதான் செய்து தரணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

யார் யாருக்கு வீடு இல்லை என்று எழுத, வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் கடற்கரை வீதியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு பெண். புருசன் மௌத்தாகி, விதவையாகிவிட்டாள். மூன்று மகள்மாரோடு தம்பியின் வீட்டுப் பின் அறையில் இருந்தாள். அவளுக்குத் தெரியாத வீடு அந்த வீதியில் இல்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் கக்கூசை எத்தனை குடும்பம் பாவிக்கிறது, யார் வெட்கத்தில் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் சொன்னாள். பத்து நாள் வெயிலில் நடந்தோம். விடிய முதல் எழும்பி இடியப்பத்தை அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள்.

அவளுடைய அறையைப் பற்றி நான் எழுதிய பந்திதான் விண்ணப்பத்தின் முதல் பக்கம். காணி உறுதிப் பத்திரம், பிரதேச செயலகக் கடிதம், மண் பரிசோதனை, வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். ஒரு மாதத்தில், நிதி கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பேசினார். தேவையை நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கட்டி முடித்த பிறகு தண்ணீர் மோட்டருக்கும் கழிவுக் குழிக்கும் யார் செலவழிப்பது? அது இல்லாமல் விண்ணப்பம் பலமாக இருக்காது என்றார்.

அதை அவளிடம் சொன்னேன்.

"இதென்ன பெரிய விசயமா டீச்சர்? எல்லா ஊடும் கிழமைக்கிக் கொஞ்சம் போட்டா மோட்டருக்குக் காணும்தானே. சீட்டுப் பிடிக்கிறமாதிரி. நானே சேத்துத் தாறன்."

நல்ல யோசனை. அதை அவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுத உட்கார்ந்தேன். பராமரிப்புக் கட்டணம் என்று பெயர் வைத்தேன். அது தவறாமல் வரும் என்று காட்ட, பதினோராம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வீடு பெறுகிறவர் நிரந்தர வருமானத்தைக் கடிதம் மூலம் உறுதிப்படுத்த வேண்டும். யாரும் கேட்டு எழுதவில்லை. நானாகத்தான் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது அந்த வரி கம்பீரமாக இருந்தது.

நிதி கிடைத்தது. எங்களுடைய விண்ணப்பத்தை மற்ற ஊர்களுக்கு மாதிரியாக அனுப்பினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

கட்டடம் எழும்பிய பிறகு, வீடு யார் யாருக்கு என்று ஆள் தெரிவு நடந்தது. மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கறுப்பு அபாயா அணிந்து, கடைக்காரர்கள் இடியப்பக் கணக்கு எழுதும் கொப்பியைக் கொண்டு வந்தாள்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி கொப்பியைப் புரட்டிவிட்டு, "சம்பளக் கடிதம் இருக்கா? வியாபாரப் பதிவு?" என்றார்.

"அதெல்லாம் இல்ல சேர். ஒருநாளும் வேலை நிண்டதில்ல. கடைக்காரங்களக் கேட்டுப் பாருங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நிபந்தனையில கடிதம் வேணுமெண்டுதானே இரிக்கி? டீச்சர் எழுதினதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வரி பிழை, இவளுக்குப் பொருந்தாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் முழு வேலையும் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் எழுதியது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம், இரிக்கி" என்றேன்.

பிறகு அந்த வரியை எடுக்கக் கேட்டுக் கொழும்புக்கு மூன்று கடிதம் எழுதினேன். அங்கீகரித்த நிபந்தனையை மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. வீடுகள் சம்பளக் கடிதம் உள்ளவர்களுக்குப் போயின. அரசாங்க உத்தியோகத்தர்கள், கடை முதலாளியின் மருமகன், தலைவரின் தங்கச்சி மகள். நாலைந்து பேர் கொஞ்சக் காலத்திலேயே வாடகைக்கு விட்டார்கள். மோட்டர் பழுதானால் திருத்தக் காசு சேராது. தலைவர் இப்போதும் என்னைக் கண்டால், "டீச்சர்ர எழுத்தாலதான் இந்தக் கட்டடம்" என்பார்.

போன வருடம் அவள் வீட்டுக்கு வந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு படிவம்.

"மூத்தவள் குவைத்துக்குப் போறாள் டீச்சர். ஏஜென்சிக்காரன் தந்த போம். இங்கிலீசுல இரிக்கி."

"அவளுக்கு என்னத்துக்குக் குவைத்து?"

"ஒரு ஊட்டக் கட்டினாத்தானே தங்கச்சிமாரக் கரை சேக்கலாம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு துண்டுக் காணி இரிக்காம்."

அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பெயர், பிறந்த திகதி, உயரம், நிறை. தொழில் என்ற இடத்தில் வீட்டுப் பணிப்பெண் என்று எழுதினேன். பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

அந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்று அவள் என்னைக் கேட்டிருக்கலாம். அவள் அதைக் கேட்கவில்லை. படிவத்தைத் திரும்பப் பையில் சுற்றி, "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயிசத் தரட்டும்" என்று துஆச் செய்துவிட்டு மகளோடு போனாள். எனக்கு அந்த துஆவைத்தான் தாங்க முடியவில்லை.