உறுதி அக்காவிடம் இருந்தது

ஊரைவிட்டு வெளிநாடு வந்து, டூட்டிங்கில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்களான அக்காவும் அவவின் கணவர் அண்ணையும் இருந்தார்கள். பாரிசவாதம் வந்தபின் அண்ணைக்குச் சக்கர நாற்காலிதான் கதி. முன்வாசலில் படிகள் என்பதால், வீட்டின் பக்கத்தால் போகும் ஒடுங்கிய பாதையால்தான் அவரை வெளியே கொண்டுபோக முடியும். பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர் அந்தப் பாதை தன்னுடையது என்று பலகை அடித்து மறித்துவிட்டார். அதால் ஒருகாலமும் ஒருவரும் நடந்ததில்லை என்று அவர் சொல்ல, வழக்காகிப் போயிற்று. என் மூத்த பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து அதால் தினமும் போய் வந்தவள் நான். அதனால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்ட் என்ற சொல்லே பயமாக இருந்தது.

“நீர் என்ன கொலை செய்துபோட்டே போறீர்? கண்டதைச் சொல்லிப்போட்டு வாரும்” என்றார் என் கணவர்.

“சாமிப் புத்தகத்தைத் தொட்டுச் சொல்ல வேணுமாம். வாய் தடுமாறி ஒண்டு பிசகினாலும் பாவம் எனக்கெல்லோ?”

கோர்ட்டில் கீதையைத் தந்தார்கள். நாங்கள் சைவக்காரர், முருகனைக் கும்பிடுகிறவர்கள். என்றாலும் சாமி சாமிதானே என்று, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டேன். மொழிபெயர்க்க வந்தது தமிழ்நாட்டுப் பிள்ளை. “பயப்படாதீங்கம்மா” என்றது. தள்ளுவண்டி கொண்டுபோனதையெல்லாம் சொன்னேன். பிறகு எதிர்ப்பக்க வக்கீல் எழும்பி ஏதோ கேட்டார்.

“அந்தப் பாதையைப் பத்தி உங்களுக்கு உறுதி இருக்காம்மா?” என்றது பிள்ளை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வாடகைக்கு இருக்கிறவளிடம் இதைக் கேட்கிறார்களே!

“எனக்கு ஏது பிள்ளை உறுதி? அது அக்காவிட்டை எல்லோ இருக்கு.”

பிள்ளை அதை இங்கிலீசில் சொன்னது. வக்கீல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பார்த்தால் அக்கா தலையில் கை வைத்திருந்தா. “நொட் ஷுவர்” என்று காதில் விழுந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக்காரத் தாய்மார் பேசிக் கேட்டுப் பழகிய சொல். நிச்சயமில்லை என்றா நான் சொன்னேன்? சாமியைத் தொட்ட கையோடு?

கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் லோயர் சொல்லியிருந்தார். முருகா என்று மனதுக்குள் கூப்பிட்டு, வகுப்பில் போலக் கையை உயர்த்தினேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லை. உறுதி அக்காவிட்டை இருக்கு எண்டுதான் சொன்னனான். காணி உறுதி. லோயரின்ர பைலுக்கை கிடக்கு.”

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. “ஐயோ, பத்திரமா? நாங்க அதைப் பத்திரம்னுதாம்மா சொல்லுவோம்! நிச்சயமாத் தெரியுமான்னுதான் அவர் கேட்டாரு.”

முகம் சிவக்க, அது நீதிபதிக்கு நீளமாக விளங்கப்படுத்தியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதே கேள்வியைத் தானே மறுபடி கேட்டார்.

“நிச்சயமாத் தெரியும். அதாலை நடந்த கால் இது” என்றேன். இந்த முறை பிள்ளை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னது.

பின்னேரம் தீர்ப்பு வந்தது. பலகையைக் கழற்ற வேண்டும்.

“உன்ர உறுதியாலை என்ர உயிரெல்லோ போகப் பாத்தது” என்று வெளியே அக்கா என் தோளில் அடித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பலகை கழன்ற அன்று மேலே ஜன்னலில் நின்று பார்த்தேன். அக்கா நாற்காலியை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தா.

“மெல்லத் தள்ளுமப்பா, நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையே?” என்று அண்ணை கத்துவது ரோட்டு வரைக்கும் கேட்டது.