விரித்த உள்ளங்கை

திண்டுக்கல்லில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் எதிர் இருக்கைப் பெரியவர் என்னிடம் உள்ளங்கையை நீட்டினார். சில்லறை தேடினேன்.

"அய்யோ, அதுக்கில்லைங்க," என்றார் அவர் பக்கத்திலிருந்த தங்கை. "அண்ணனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. கையில எழுதுனா படிச்சுக்கிருவாரு."

கூசிப்போய், நான் இறங்கவேண்டிய 'கொடைரோடு' என்று அவர் கையில் விரலால் எழுதினேன். புரிந்ததற்கு அடையாளமாக எழுத்துக்கு ஒரு தட்டு என் மணிக்கட்டில் தட்டினார். பிறகு என் கையில் எழுதினார்: 'இன்னும் எழுதுங்க.'

"இறங்கறப்ப 'வாரேன்'னு எழுதிருங்க. இல்லாட்டி நீங்க இருக்கீகன்னே நினைச்சுக்கிட்டிருப்பாரு," என்றார் தங்கை.

மழை, மல்லிகை விலை என்று ஏதேதோ எழுதினேன். தங்கை கண்ணயர்ந்துவிட்டார். கொடைரோட்டில் கூட்டம் நெரிக்க, அவசரமாக இறங்கிவிட்டேன்.

ஜன்னலில் பார்த்தால், காலி இருக்கையை நோக்கி அந்தக் கை விரிந்தே இருந்தது. ரயில் நகர்ந்தது.

"வாரேங்க!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.