பிரேக் தட்டுக்குப் பொட்டு வச்சவன்

புது பிரேக் தட்டுக்குத் தேங்கா எண்ணெ தேய்ச்சுவிட்ட ஆளு திருநெல்வேலிச் சீமையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கை தவறிக் கொட்டிருச்சுன்னு சொல்லிச் சமாளிக்கலாம்னுதான் முதல்ல நெனச்சேன். ஆனா முன்சக்கரம் ரெண்டையும் கழட்டி, பழைய பனியன் துணிய எண்ணெயில முக்கி, பச்சப்பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி நிதானமாத் தேய்ச்சிருக்கேன். அதுக்கு மேல சந்தனம். சந்தனத்துக்கு மேல குங்குமம். கை தவறி இவ்வளவும் நடக்காதுல்லா.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல வாங்குன சின்ன கார் அது. வாங்கும்போதே வேற ஒருத்தர் ஓட்டிச் சலிச்சதுதான். வெள்ளைன்னு ஆர்சி புக்குல போட்டிருக்கும். வெயில்ல கெடந்து கெடந்து மோர் கலருக்கு வந்துட்டு. வேகத்தடையில ஏறுனா முன்னால ஒரு கும்பிடு, பின்னால ஒரு கும்பிடு, அதுக்குப் பெறவு பைய உக்காரும். எம் மகளுக்குக் கைக்குழந்தையில சாயங்காலம் ஆனா வயித்துவலி வந்து வீல்னு கத்துவா. தூக்கிக்கிட்டு நடந்தா நிக்காது. பாடுனா இன்னும் கூடும், நான் பாடுனா யாருக்குமே கூடத்தான் செய்யும். இந்த வண்டியில போட்டு, ஜங்ஷன்லருந்து ஆத்துப் பாலத்துல ஏறி எறங்கி கொக்கிரகுளம் வந்தா, பிள்ள வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்கிருக்கும். அவ்வளவு ஆட்டம் ஆடும் வண்டி.

எங்க வீட்டுக்காரிக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் இதுலதான். அவ பாவநாசம் பஸ் போற வழியில உள்ள விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அவ அப்பா, எங்க மாமா, அங்கன மில்லுல வேலை பார்த்தாவ. ஒருநா மாமனார் வீட்டுக்குப் போன எடத்துல, மில்லு ரோட்டுல இவள ஸ்டியரிங்ல உக்கார வச்சேன். ஷிப்டு விடுற நேரம்னு எனக்குத் தெரியல. சங்கு ஊதுனான், கேட்டைத் தெறந்தான், சைக்கிளா வருது. இவ நடுரோட்டுல பிரேக்க மிதிச்சு நிறுத்திட்டா, எஞ்சினும் நின்னுட்டு. கூட்டம் பூரா எங்க ரெண்டு பக்கமும் பிரிஞ்சு மணி அடிச்சுக்கிட்டே போகுது. அதுல ஒரு சைக்கிள்ல எங்க மாமா. மகளப் பார்த்தாவ, மாப்ளையப் பார்த்தாவ, தலையக் குனிஞ்சுக்கிட்டு யாரோ எவரோன்னு மிதிச்சுப் போயிட்டாவ.

வீட்டுக்கு வந்து, "மாமா, எங்களப் பார்க்கலையா?"ன்னு கேட்டேன்.

"கூட வந்தவன் எல்லாம் தெரிஞ்சவன் மாப்ள"ன்னாவ.

இப்ப மகள் பெங்களூர்ல வேலையில இருக்கா. வீட்டுக்காரி ஆபீசுக்குப் போக வேற கார் வந்துட்டு. இந்த மோர் கலர்க்காரி தகரக் கொட்டகையில கெடந்தா. பத்தமடையில பாய்க்கடை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி, பின்சீட்டக் கழட்டிட்டுப் பாய்க்கட்டு ஏத்தலாம்னு அதைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "கொடுத்துருவோம்"னா எங்க வீட்டுக்காரி. எனக்கு மனசு வரல. வேண்டாம்னு சொல்ல ஒரு நல்ல காரணம் தேடுனேன். ஒண்ணும் கெடைக்காம, "அதை நான் ரேசுக்கு விடப்போறேன்"னுட்டேன்.

அவ கையில இருந்த காப்பி டம்ளரக் கீழ வச்சா. "கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு?"

புடிக்கலன்னு நிரூபிக்கிறதுக்காவது ரேசுக்கு விட்டாகணும்னு ஆயிப்போச்சு. குலசேகரன்பட்டினம் போற பக்கம், தேரிக்காட்டுச் செம்மண்ணுல ஒரு போட்டி நடக்கப்போறதா கேள்விப்பட்டிருந்தேன். மண்ணுல கூம்பு வச்சு வழி போட்டு, ஒவ்வொரு காரா விட்டு நேரம் பார்ப்பாங்க. வயசுக்கு வரம்பு கெடையாது. அறிவுக்கும் கெடையாதுன்னு அங்க போயித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டுநா யோசிச்சுட்டு எங்க வீட்டுக்காரி ஒரு தீர்ப்பு சொன்னா. "விடுங்க. போறப்ப லாரில ஏத்திட்டுக்கூடப் போங்க. ஆனா போட்டிய முடிச்சு, வாறப்ப என்னையும் எங்கப்பாவையும் ஏத்திக்கிட்டு, அதுவா ஓடி வந்து நம்ம வாசல்ல நிக்கணும். நின்னா வண்டி நம்ம வீட்டுலயே கெடக்கட்டும். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா, அந்தக் கயிறோடயே பத்தமடைக்கு விட்டுருங்க."

பாளையங்கோட்டையில பட்டறை வச்சிருக்கிறவன் என்கூடக் காலேஜ்ல படிச்சவன். அவன்கிட்ட வண்டியக் கொண்டு நிறுத்துனேன்.

"ஏலே, இதையா ரேசுக்கு விடப்போற?"

"ஆமா."

"தள்ளுறதுக்கு எத்தன பேரு வாராங்க?"

பானெட்டு மேல கைய ஊனி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டான். வண்டி மேலயும் கீழயும் ஆடுச்சு. ஆடிக்கிட்டே இருந்துச்சு. "நீ போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வா. அதுக்குள்ள நிக்கும்"னான்.

வேகமா ஓட வைக்கிறதுக்கு முன்னால நிக்க வைக்கணும்னு அவன் கட்சி. அதே கம்பெனியோட பெரிய காருக்கு உள்ள பிரேக் தட்டு, அதைக் கவ்விப்பிடிக்கிற சாமான், தட்டுல உரசி நிறுத்துற பேடு எல்லாத்தையும் வரவழச்சு முன்னால மாட்டுனான். பழைய தட்டு தோசை மாதிரி மெல்லிசு. இது நடுவுல காத்துப் போக வழி விட்டுத் தடிமனா, ஆப்பக்கடைக்காரன் கல்லு மாதிரி இருந்துச்சு. மிதிச்சா ஊதிக்கிற பழைய ரப்பர் குழாய எறிஞ்சுட்டு, மேல கம்பி வலை பின்னுன குழாய் போட்டான். அடுத்தது ஸ்பிரிங். எனக்கும் விசயம் தெரியும்னு காட்ட, "ஸ்பிரிங்க அறுத்துக் குட்டையாக்கிட்டாப் போதும்லா?"ன்னு கேட்டுவச்சேன்.

"அறுத்தா வண்டி குட்டையாகும், பிடிமானம் வராது. முடியக் குட்டையா வெட்டுனா உனக்கு அறிவு கூடுச்சா?"

கோயமுத்தூர்லருந்து விறைப்பான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வந்துச்சு. கழட்டுன பழசெல்லாம் பட்டறைத் தரையில கெடந்துச்சு. துருப்பிடிச்சு, சுருள் ஒண்ணு அமுங்கிப் போயி. எம் மகளத் தூங்கவச்சது இதுதானேன்னு ஒண்ணக் கையில எடுத்து நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேனோ தெரியல.

"லே, சட்டை பூரா கிரீசு"ன்னான்.

எல்லாம் மாட்டி, அவனே பைபாஸ் ரோட்டுல நாலஞ்சு நடை ஓட்டி, மிதிச்சு மிதிச்சுப் புது பேட்டப் பழக்கித் தந்தான். மிதிச்ச எடத்துல வண்டி நின்னுச்சு. எனக்கு அது புதுசு. பழைய பிரேக்கு மிதிச்சா யோசிக்கும். ரெண்டாவது தடவ மிதிச்சாத்தான் முடிவெடுக்கும்.

அதுக்கு ரெண்டாம் நாளு ஆயுதபூசை. எங்க வீட்டுல அன்னைக்கு இரும்புச் சாமான் எதையும் வெறுமன வைக்க மாட்டோம். அருவாள், அருவாமனை, சுத்தியல், ஸ்பேனர் எல்லாத்தையும் துடைச்சு, லேசா எண்ணெ தடவி, பெறவுதான் பொட்டு. துருப்பிடிக்காது, சாமி முன்னால பளபளன்னு இருக்கும். காலங்காலமா கை பழகிப்போச்சு. காருக்கு மாலையப் போட்டுட்டுப் பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டு மாட்டுன பிரேக்கு சக்கரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்கு. சாமி கண்ணுல படாமப் போயிருமேன்னு ஜாக்கியப் போட்டுச் சக்கரத்தக் கழட்டுனேன்.

வீட்டுக்காரி சூடத்தட்டோட வந்தா. "சக்கரத்த எதுக்குக் கழட்டுதீங்க?"

"பிரேக்குக்குப் பூசை."

"அதுக்கு மட்டும் தனியா வச்சா எஞ்சினு கோவிச்சுக்கிடாதா?"

எஞ்சினுக்கும் ஒரு பொட்டு வச்சேன். அன்னைக்கு ரொம்பத் திருப்தியா இருந்துச்சு எனக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டிய டெம்போவுல தள்ளி ஏத்துனோம். கைபிரேக்கு மட்டும்தான் போட்டது, கால் பிரேக்க மிதிக்கவே இல்ல. வீட்டுக்காரியும் மாமாவும் பட்டறைக்காரனோட வேன்ல வந்தாவ. மாமாவுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, குடை, ஒரு டப்பா முறுக்கு. தசரா முடிஞ்சு ரோட்டோரப் பந்தல்கூட இன்னும் பிரிக்கல. தேரியில மண்ணு செக்கச்செவேல்னு கெடந்துச்சு.

போட்டிக்கு முன்னால வண்டியப் பரிசோதிக்க ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு நின்னாரு. லேசான சரிவுல வண்டிய உருளவிட்டு, "பிரேக்க மிதிங்க"ன்னாரு.

மிதிச்சேன்.

"சார், மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

வண்டி அவரத் தாண்டி, பைய, மரியாதையா, டீ கேன் வச்சிருந்த மேசையப் பார்த்துப் போகுது. கைபிரேக்க இழுத்து நிறுத்துனேன். சக்கரத்தக் கழட்டச் சொன்னாரு. தட்டுல சந்தனமும் குங்குமமும் கரைஞ்சு வழிஞ்சிருந்துச்சு. குனிஞ்சு மோந்து பார்த்தாரு. பட்டறைக்காரன் வந்து அவனும் மோந்தான். என்னய நிமிந்து பார்த்தான்.

"ஏலே... தேங்கா எண்ணெயாலே?"

"பூசைக்கு..."

"ஏ மூதி! பிரேக்கு பிடிக்கிறதே அது காஞ்சு கெடக்கிறதாலதாம்லே!"

பேடு எண்ணெயக் குடிச்சிருச்சு, இதோட உள்ள விட முடியாதுன்னு தொப்பிக்காரரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. மதியத்துக்குள்ள வேற பேடு போட்டுட்டு வந்தா விடுதேன்னாரு. தட்டத் துடைச்சு எடுத்துரலாம், ஊறிப்போன பேட்ட ஒண்ணும் செய்ய முடியாது. மாத்துப் பேடும் கையில இல்ல. பழைய காரோட பேடு இதுல உக்காராது.

நாற்காலியில இருந்து மாமா கேக்குதாவ, "என்னவாம்?"

"பிரேக்குக்கு எண்ணெ தேய்ச்சுத் தலை பின்னி விட்டுருக்காருப்பா உங்க மாப்ள."

மாமா ஒரு முறுக்க எடுத்துக் கடிச்சாவ. என் கண்ணுக்கு முன்னால பின்சீட்டு இல்லாத என் காரும், அதுல அடுக்கியிருந்த பாய்க்கட்டும் தெரிஞ்சுச்சு. வீட்டுக்காரி டெம்போவுல கெடந்த கயித்த மட்டும் ஒரு தடவ பார்த்தா.

இதுக்குள்ள மைதானம் பூரா செய்தி பரவிட்டு. கடற்கரைக்காரரு ஒருத்தரு, மீன்பிடிப் படகு வச்சிருக்கிறவரு, சிரிப்ப அடக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தாரு.

"எண்ணெ தேய்ச்சது யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

மேலருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. "எங்க படகுக்கும் பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பாரு. எஞ்சினு பக்கம் மட்டும் வேண்டாம் பாதர்னு சொல்லிருவோம்."

என் வண்டியில மாட்டுன பிரேக்கு எந்தப் பெரிய காரோடதோ, அதே கார்தான் அவரு ஓட்ட வந்திருந்தது. அவரு டப்பாவுல பாதி தேய்ஞ்ச பழைய பேடு ஒரு செட்டு கெடந்துச்சு. "தேய்ஞ்சதுதான். ஆனா எண்ணெ வைக்கல"ன்னு கையில கொடுத்தாரு. பட்டறைக்காரன் தட்டத் தின்னர் போட்டுத் தேய்ச்சு, உப்புத்தாள் பிடிச்சு, பேட்ட மாட்டுறதுக்குள்ள என்ன பேரெல்லாம் சொல்லி என்னயக் கூப்பிட்டான்னு இங்க எழுத முடியாது. திரும்பவும் சரிவுல விட்டாங்க. மிதிச்சேன். வண்டி நின்னுச்சு. தொப்பிக்காரரு டீ மேசைய ஒரு பார்வை பார்த்துட்டுத் தலைய ஆட்டுனாரு.

ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு உக்காந்தேன். கொடிய அசைச்சதும் நல்லாத்தான் கெளம்புனேன். முதல் திருப்பம் வந்துச்சு. எங்காலு பழைய காலுல்லா. தூரத்துலயே, யோசிக்கிற பிரேக்க மிதிக்கிற மாதிரி ரெண்டு தடவ ஓங்கி மிதிச்சேன். திருப்பத்துக்கு ரொம்ப முன்னாலயே வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டு. அங்கருந்து முதல் கியரப் போட்டுக் கெளம்பித் திருப்பத்துக்குப் போனேன். அடுத்த திருப்பத்துலயும் அதே கதை. அதுக்கு அடுத்ததுலயும். ஆனா சும்மா சொல்லக்கூடாது, திரும்புறப்ப வண்டி சாயவே இல்ல. மண்ணப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கடைசி எடந்தான். எனக்கு முந்துன ஆளு முடிச்ச நேரத்துக்கும் நான் முடிச்ச நேரத்துக்கும் நடுவுல ஒரு டீ குடிச்சிருக்கலாம்.

"நெல்லையப்பர் ஆனித்தேரையாலே இழுத்த? மூலைக்கு மூலை நிறுத்தி?"ன்னு கேட்டான் பட்டறைக்காரன்.

கேட்டா கேட்டுட்டுப் போறான். போட்டி முடிஞ்சுட்டு, வண்டி உடையல. மிச்சம் வீடு வரைக்கும் உள்ள ரோடுதான்.

வீட்டுக்காரி முன்னால, மாமா பின்னால. திருச்செந்தூர் ரோட்டுல ஏறுன பெறவுதான் புது ஸ்பிரிங்கு வேலையக் காட்டுச்சு. ரோட்டுல கெடந்த ஒவ்வொரு கல்லும் தனித்தனியா வந்து எங்க முதுகுல பேரு சொல்லிட்டுப் போச்சு. ஒரு வேகத்தடையில மாமா தலை கூரையில இடிச்சுச்சு. "இந்த விறைப்பு இருந்தாத்தான் மாமா வளைவுல பிடிக்கும்"னு நான் விளக்கிக்கிட்டே வந்தேன். யாரும் பதில் சொல்லல. சொன்னா நாக்கக் கடிச்சுக்கிடுவோம்னு பயமோ என்னவோ.

ஸ்ரீவைகுண்டம் தாண்டுனதும் பொழுது சாயுது. ரெண்டு பக்கமும் வாழை, அதுக்குள்ளருந்து ஈரக்காத்து. முன்னெல்லாம் திருச்செந்தூர் போயிட்டு வாறப்ப இந்த எடத்துல வண்டிக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது. மகள் அம்மா மடியில, அம்மா கண்ணாடியில சாஞ்சு, மாமா பின்னால குறட்டை விட்டுக்கிட்டு. நான் ஒருத்தன்தான் முழிச்சிருப்பேன். அந்த மூணு பேரு மூச்சையும் கேட்டுக்கிட்டு ஓட்டுறது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த நெனப்புல கண்ணாடியில பின்னால பார்த்தேன். மாமா கூரையோரம் இருந்த கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கண்ண அகல முழிச்சு, அடுத்த பள்ளம் எங்கன்னு ரோட்டப் பார்த்துக்கிட்டு வாராவ. வீட்டுக்காரியும் அப்படித்தான். அந்த வண்டியில அன்னைக்கு ஒருத்தருக்கும் தூக்கமில்ல.

வாசல்ல கொண்டு நிறுத்துனேன். ஒரே மிதியில நின்னுச்சு. வீட்டுக்காரி எறங்கி, வண்டிய ஒரு சுத்து சுத்திப் பார்த்து, "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். கெடக்கட்டும்"னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பத்தமடை அண்ணாச்சி வேற வண்டி பார்த்துக்கிடட்டும். அந்தச் சந்தோசத்துல, "மாமா, எறங்காதிய. அப்படியே உங்கள விக்கிரமசிங்கபுரத்துல கொண்டு விட்டுட்டு வந்துருதேன்"னேன்.

மாமா அதுக்குள்ள எறங்கிட்டாவ. கதவப் பிடிச்சுக்கிட்டு, இடுப்புல ஒரு கைய வச்சு, பைய நிமிந்தாவ.

"காரை நீங்களே வச்சுக்கிடுங்க மாப்ள. என்னையப் பாவநாசம் பஸ்ல ஏத்தி விட்டாப் போதும்."