பெண் பார்க்க வந்தவன் போன் பார்த்த கதை

நான் வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது. கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே நான். டாக்குமென்டேஷன் அசிஸ்டென்ட் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறார்கள். உண்மையில் நான் செய்வது டிரெய்லர் டிரைவர்களின் போனில் ஆப் இறக்கிக் கொடுக்கிற வேலை.

முன்பெல்லாம் வண்டி உள்ளே வர ஒரு சீட்டு போதும். பிறகு அதற்கு ஒரு ஆப் வந்தது. அதை விளக்க எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். காரிலிருந்து இறங்கி, சாலைப் புழுதி ஷூவில் படாமல் நொண்டி விளையாடுகிற மாதிரி எட்டு வைத்து வந்து, "ரொம்ப சிம்பிள். டவுன்லோட் பண்ணா முடிஞ்சுது" என்றார். முடிந்தது அவருக்கு. திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானமே என் ஜன்னலில் கூட்டம்.

"யக்கா, சுத்திக்கினே கீது. எறங்க மாட்டேங்குது."

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாதிப் பேர் போனில் இடமே இருக்காது. சிலர் போனில் தேதி தப்பாக இருக்கும். தேதி தப்பென்றால் ஆப் இறக்குகிற ஸ்டோர் திறக்காது. வைஃபை இருந்தால் மட்டும் இறக்கு என்று யாரோ எப்போதோ அமுக்கி வைத்திருப்பார்கள். வேறு ஏதோ ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு முன்னால் வரிசையில் நிற்கும், இது பின்னால் காத்துக் கிடக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் ஸ்டோருக்குள் சேர்ந்திருக்கிற குப்பையைத் துடைத்துவிட்டு, போனை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்து கொடுத்துவிட்டு யாராவது தன்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டால் அந்த ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும்.

தொழிலில் எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு மனுஷனின் போனைக் கையில் வாங்கினால் என்னென்னவோ கண்ணில் படும். பெண்டாட்டி அனுப்பிய செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டின் படம், சொல்லக்கூடாத படமும்கூட. பார்த்தும் பார்க்காதது மாதிரி போய்விட வேண்டும். எதை அழிப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவரானாலும் அது அவர் பெட்டி.

இப்படி நாள் முழுக்க ஊரார் போனைக் கட்டி மேய்த்துவிட்டு ராயபுரத்தில் வீட்டுக்கு வந்தால், அங்கே அப்பா ஒரு போனோடு உட்கார்ந்திருப்பார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஆசை, கப்பல் பார்க்கிற ஆப் வேண்டும். எந்தக் கப்பல் உள்ளே நிற்கிறது, எது வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது, எந்த நாட்டுக் கொடி என்று எல்லாவற்றையும் அது வரைபடத்தில் காட்டும். கூட வேலை பார்த்த எல்லோரிடமும் இருந்தது. அப்பா போனில் மட்டும் இறங்கவில்லை. இறங்காது. அவர் போன் முழுக்கக் குட்மார்னிங் படங்கள். ரோஜாப்பூ, சூரியோதயம், புறா, வசனம். பழைய கிரேன்காரர்கள் குரூப்பில் ஒரே படத்தை ஆளுக்கு ஒரு தடவை அனுப்புவார்கள், அப்பா அத்தனையையும் சேர்த்து வைத்திருப்பார்.

"இதுல கொஞ்சத்த அழிச்சா எறங்கும்பா."

"ஒண்ணையும் தொடாத. அவனவன் ஆசையா அனுப்பிச்சது."

"அப்ப கப்பல் வராது."

"வரவெக்கத் தெர்லன்னு சொல்லு."

சரி, தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். புறாவா கப்பலா என்று முடிவு செய்ய முடியாத மனுஷரிடம் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கு நிற்பது?

இந்த நிலைமையில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொண்டுவந்த சம்பந்தம். பையன் வீடு மணலி புதுநகர். அவனுடைய அப்பா பெட்ரோலியக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து இறந்துவிட்டார். பையன் ஐ.டி. "ஐ.டி." என்று சொல்லும்போது சின்னம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மாதா கோயில் பூசையில் மணி அடித்ததும் எல்லோரும் அடங்குகிற மாதிரி.

அவன், அவன் அம்மா, அக்கா மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவன் அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. வாசலிலேயே, "வூடு நல்லா காத்தோட்டமாகீது" என்று மனசாரச் சொன்னார். உடனே பையன் புன்னகையோடு, "இருக்கு. காற்றோட்டமா இருக்கு" என்று திருத்தினான். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். பெற்ற தாயை அடுத்தவர் வீட்டு வாசலில் திருத்துகிறவன் ஐ.டி.யில் இருந்தால் என்ன, ஐ.நா.வில் இருந்தால் என்ன என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. உள் கதவோரம் சமோசா தட்டோடு நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

பேச்சு அங்கே இங்கே சுற்றி அப்பாவின் போனில் வந்து நின்றது. "இன்னா மாப்ள, நீ கம்ப்யூட்டர் ஆளு. இதுல ஒரு ஆப் எறங்க மாட்டேங்குது. வூட்ல ஒருத்தி கீறா, தெனம் லாரிக்காரனுக்கெல்லாம் பண்றா, எனுக்குப் பண்ண மாட்றா" என்றார் அப்பா.

"கொடுங்க அங்கிள்" என்று கையை நீட்டினான்.

என்னைப் பார்க்க வந்தவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்தான். பட்டென்று படங்கள் இருக்கிற இடத்துக்குள் போனான். உதட்டைக் கடித்தான். பிறகு அக்காவிடம் சாய்ந்து, "இங்க பாரேன், சூரியகாந்திப் பூ மேல குழந்தை இயேசு. கையில காபி கப்பு" என்றான். அக்கா சிரித்தாள். அவன் விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒரு வீடியோவைச் சத்தமாகவே போட்டான். அப்பாவின் நண்பர் பனியனோடு பிறந்தநாள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார், சுருதி இல்லாமல். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அதைவிட எனக்கு எரிச்சல், அப்பாவும் சேர்ந்து சிரித்ததுதான். "அவன் அப்டிதான், பாட்டு வராது" என்று தன் தோஸ்தையே விட்டுக்கொடுத்துச் சிரித்தார். என்னை ஒரு ரோஜாப்பூவைத் தொட விடாத மனுஷர்!

"எல்லாமே ஜங்க் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவன் மொத்தமாக அழித்தான். கேட்கவில்லை. அப்பா வாயைத் திறந்து மூடினார். பிறகு ஸ்டோர் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. அப்பாவுக்கு நினைவில் இல்லை. அவனே புதிதாகக் கணக்குத் திறந்தான், மீட்டெடுக்கிற எண் என்று கேட்ட இடத்தில் தன் எண்ணைப் போட்டான். "பாஸ்வேர்டு நானே ஞாபகம் வெச்சுக்கறேன் அங்கிள். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றான். கடைசியாக எழுத்தெல்லாம் பெரிசாகத் தெரிகிற மாதிரி மாற்றினான். "சீனியர் சிட்டிசன் மோடு." கப்பலின் கொடியைத் தரையிலிருந்தே சொல்லக்கூடியவர் என் அப்பா. அந்தக் கண்ணுக்குச் சீனியர் சிட்டிசன் மோடு.

ஆனால் ஆப் இறங்கிவிட்டது. வரைபடத்தில் கப்பல்கள் பச்சையும் சிவப்புமாக முளைத்தன. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு நிமிஷத்துல முட்ச்சிட்டான் பாரு!" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நிமிஷமே சம்பந்தம் முடிவானது. பெண்ணை அவனுக்குப் பிடித்ததா, அவனைப் பெண்ணுக்குப் பிடித்ததா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆப் இறங்கியதே, போதாதா?

அடுத்து வந்த நாட்களில் அவன் என்னோடு ஒரு தடவைகூடப் பேசவில்லை. அப்பாவோடுதான் பேசினான். அப்பா எதை அமுக்கினாலும் பாஸ்வேர்டு கேட்டது, பாஸ்வேர்டு கேட்டால் அவனைக் கூப்பிட வேண்டும். "அதெல்லாம் எதுக்கு அங்கிள் உங்களுக்கு, வேணாம்" என்று சிலதை மறுத்துவிடுவான். கேரம் விளையாட்டு ஒன்று கேட்டார், கொடுக்கவில்லை. அறுபது வயது ஆள் தன் போனில் கேரம் ஆட மணலி புதுநகரில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அப்பா அதையும் பெருமையாகத்தான் சொன்னார். "மாப்ள ரொம்ப ஸ்டிரிக்ட்டு."

நிச்சயதார்த்தத் தேதி பேசவும் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப் பெயர் கொடுப்பது பற்றிப் பேசவும் இரண்டாம் முறை வந்தார்கள், பழத்தட்டோடு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பாவின் போனை வாங்கி, பள்ளிக்கூட வாத்தியார் கோடு போட்ட நோட்டைப் புரட்டுகிற மாதிரி ஒரு முறை சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினான்.

"உங்க போனைக் கொடுங்க."

"என் போனுக்கு ஒண்ணும் இல்லையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சும்மா ஒரு கிளீனிங்."

"நான் தினமும் பண்றதே அந்த வேலைதான்."

"லாரி டிரைவர் போன் வேற, இது வேற" என்றான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. நீட்டிய கையை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை. சின்னம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டே எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டான், "ஏன், உள்ள அப்படி என்ன இருக்கு?"

அக்காக்காரி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கலாமா என்று யோசித்தார்கள். அவன் அம்மா பாவம், நல்லது செய்வதாக நினைத்து, "குட்துடும்மா, அவன் இன்னா துன்னுடவா போறான்?" என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கரப்பான்பூச்சி மேல் யாருக்காவது கோபம் வருமா? "சரி, தரேன். முதல்ல உங்க போனைக் குடுங்க. நான் கிளீன் பண்ணித் தரேன். உங்க அங்கிள், ஆன்ட்டி எல்லாரும் இருக்காங்க, இங்கேயே பாத்துடலாம்" என்றேன்.

சட்டைப் பையில் பாதி தெரிந்துகொண்டிருந்த போனை அவன் உள்ளே அழுத்தினான். "அது... ஆபீஸ் போன். செக்யூரிட்டி பாலிசி இருக்கு. அடுத்தவங்க தொடக்கூடாது."

"எனக்கும் அதே பாலிசிதான்."

வெளியே மீன்காரம்மா வண்டி போகிற சத்தம் கேட்டது. நான் அப்பா பக்கம் திரும்பி, "எனக்கு இது வேணாம்பா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத வேண்டியதில்லை. பழத்தட்டைத் திரும்ப எடுத்துப் போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று அவர்களுக்குள் ஒரு சின்னக் குழப்பம், வைத்துவிட்டுத்தான் போனார்கள். அவன் அம்மா மட்டும் படியிறங்கும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னம்மா, "ஒரு போனுக்காடி ஒரு ஐ.டி. மாப்பிள்ளைய வுடுவ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா அன்று சாயங்காலம் அவர்கள் விட்டுப்போன தட்டிலிருந்து ஆப்பிளை எடுத்து நறுக்கி முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

அப்பாவின் மௌனத்தை உடைத்தது அந்த ஆப்தான். ஒரு நாள் அது தானாக வெளியேறிப் பாஸ்வேர்டு கேட்டது. அப்பா ஹாலில் என் எதிரிலேயே உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது, மாப்பிள்ளை தங்கம் என்று காட்டத்தான்.

"சொல்லுங்க சார்" என்றான். அங்கிள் போய் சார் வந்திருந்தது.

"அந்த பாஸ்வேர்டு மட்டும் சொல்லேன்பா."

"அதெல்லாம் இப்ப ஞாபகம் இல்ல சார்."

"ஒன் நம்பருக்குத்தான் மெசேஜ் வரும்னு காட்டுது. வந்தா பாத்து சொல்றியா?"

"சார், நான் மீட்டிங்ல இருக்கேன். நீங்க வேற அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிக்கோங்க. உங்க பொண்ணுதான் எக்ஸ்பர்ட்டாச்சே." வைத்துவிட்டான்.

அப்பா, துறைமுகத்தில் முப்பதடி உயரத்திலிருந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்கிற குரலில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. அடுத்தது எழுதக்கூடியது: "கலீஜ் புடிச்சவன்."

போனை என் மடியில் போட்டார். அவன் திறந்த கணக்கைத் தூக்கிவிட்டு, அப்பாவின் எண்ணிலேயே புதிதாக ஒன்று திறந்தேன். பாஸ்வேர்டு போடுகிற நேரத்தில் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு விரலால் தேடித் தேடி அவரே அடித்தார். எழுத்தின் அளவைப் பழையபடி ஆக்கச் சொன்னார், ஆக்கினேன். கப்பல்கள் வந்தன. கேரமும் இறக்கிக் கொடுத்தேன். நன்றி, மன்னிப்பு மாதிரி சாமான்கள் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. "டீ போடு" என்றார், போட்டேன்.

அவனுக்கு அப்புறம் அம்பத்தூர் பக்கம் ஒரு பெண் அமைந்ததாகச் சின்னம்மா வந்து சொன்னாள், நான் வயிறெரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

இப்போதெல்லாம் அப்பா கோயில் வாசலில் தன் கிரேன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்கிற கதையில் நான் கிடையாது. "ஒரு ஐ.டி. பையன் வந்தாம்ப்பா. போன வாங்கிப் படத்தெல்லாம் அழிச்சான். எனுக்கு அப்பவே புடிக்கல. பொண்ணு இல்ல, போடான்னு வெரட்டிட்டேன்." பனியனோடு பாடிய அந்த நண்பரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். அம்மா கேட்டுக்கொண்டே நடக்கிறாள், திருத்துவதில்லை. நானும் திருத்துவதில்லை. கதையில் வருகிற அப்பாவுக்கு இருக்கிற புத்தி அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இருந்திருந்தால், நான் அந்தப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டிருக்க வேண்டியதே இல்லை.