மொட்டப்பாறைக்கு வழி சொன்னவள்

ஆன்மேரிக்கு வாய் நீளம். இதை அவள் முகத்துக்கு நேராகவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், எழுதுவதால் புதிதாகக் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற ரகம். நான் ஏற்காடு பஜாரில் காபித்தூளும் மிளகும் விற்கிறேன். அவள் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள் இருக்கும் காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டே அறை, ஓனர் வெளிநாட்டில். சமையல், துணி, சுத்தம், போனில் புக்கிங் எல்லாமே அவள்தான். அவள் வீட்டுக்காரர் ஆண்டனி ராஜ் ஜீப் ஓட்டுகிறார்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. வருகிற ஜோடிகளுக்கு மூன்று நாளும் எப்படிப் போக வேண்டும் என்று இவளே திட்டம் போட்டுக் கொடுப்பாள். எந்த அறையில் காலை வெயில் விழும், எந்த நாளில் ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, கேக் எந்தக் கடையில் வாங்க வேண்டும், எல்லாம். "அவங்களுக்கு என்ன தெரியும் ராணி, நாமதான எடுத்துச் சொல்லோணும்" என்பாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

போன நவம்பரில் ஜீவானந்தம் என்று ஒருவன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி ஐஸ்வர்யாவோடு இருபத்துநாலாம் தேதி வந்து மூன்று நாள் தங்க வேண்டும். "அவளுக்கு இது சர்ப்ரைஸ், அக்கா. எதுவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் பேசுங்க" என்றான். மரியாதையான குரல். ஆன்மேரிக்கு உடனே பிடித்துப்போயிற்று.

மற்றவர்கள் வெந்நீர் வருமா, பிரியாணி கிடைக்குமா, வைஃபை உண்டா என்று கேட்பார்கள். இவன் ஒருநாளும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான். பக்கத்து அறையில் யார் என்று முதலில் கேட்டான். இன்னும் யாருமில்லை என்றதும் அதையும் தானே எடுத்துக்கொண்டான். அடுத்த தடவை, பனி காலையில் எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்றான். அப்புறம், கூட்டமே வராத வியூ பாயின்ட் ஏதாவது இருக்கிறதா என்று.

"மொட்டப்பாறை இருக்குதுங்க. பின்னாடி காபித் தோட்டத்துல பத்து நிமிசம் நடந்தாப் போதும். டூரிஸ்டு ஒருத்தருக்கும் தெரியாதுங்க. கம்பி கிம்பி ஒண்ணும் கெடையாது, நொம்ப ஆழமுங்க, பாத்துட்டே இருக்கலாம்."

அங்கே டவர் கிடைக்குமா? கிடைக்காதுங்க. அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? ஏற்காட்டுக்குத்தான் போகோணும், பனியில முக்கா மணி நேரமுங்க. இவளும் வஞ்சகமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் பத்து வாக்கில் கடைசியாகக் கூப்பிட்டான். "இருபத்தஞ்சு காலையில நீங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போயிடுவீங்களா அக்கா?"

"போகாம இருப்பமுங்களா? எட்டு மணிக்குப் பூசை. மொதப் பாட்டு நான்தான் எடுத்துக் குடுக்கோணும். இங்க வேலைக்காரங்க லைன் ஊடு முச்சூடும் காலி. பதினோரு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா இருக்காதுங்க."

"தேங்க்ஸ் அக்கா. இது ஒண்ணுதான் தெரியாம இருந்துச்சு" என்று வைத்துவிட்டான்.

ஆன்மேரி போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கப் போயிருக்கிறாள். பாதியில் கை நின்றுவிட்டது. அவன் கேட்டதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆள் இல்லாத வீடு, பனி, கம்பியில்லாத பாறை, டவர் கிடையாது, ஆஸ்பத்திரி தூரம். ஈரத் துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். நான் சிரித்தேன். "போலீசுல போயி என்னன்னு சொல்லுவ? பனி எப்ப எறங்குமுன்னு கேட்டான், புடிச்சு உள்ள போடுங்கன்னா?" என்று கிண்டல் செய்தேன். ஆண்டனி ராஜும் அதையேதான் சொன்னாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

இருபத்துநாலு மத்தியானம் இருவரும் வந்து இறங்கினார்கள். ஐஸ்வர்யா சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கலாம். வழியில் ஆன்மேரிக்கென்று ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். "இருபது ஹேர்பின் வளைவும் கண்ணை மூடிக்கிட்டே வந்தேன் ஆன்ட்டி. உயரம்னாலே எனக்கு உயிர் போயிடும்" என்று சிரித்தாள். அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். பார்க்க ஒரு முரடனாக இருந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும் என்றாள் ஆன்மேரி.

கிறிஸ்துமஸ் காலை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, "பூசைக்குப் போயிட்டு வாரனுங்க" என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு எல்லோரோடும் கிளம்பினாள். வளைவு தாண்டியதும், "ஜெபமாலைய மறந்துட்டனுங்க, நீங்க முன்னால போங்க" என்று வீட்டுக்காரரை அனுப்பிவிட்டுக் காபிச் செடிகளுக்குள் புகுந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குரல் இல்லாமல் தொடங்கிய முதல் கிறிஸ்துமஸ் பூசை அது.

பாறையில் போய் உட்கார்ந்தாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. சேலை முழுக்க ஈரமாகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. சர்ச் மணி எங்கிருந்தோ கேட்டு நின்றது. நான் பைத்தியக்காரி, எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் சருகு மிதிபடும் சத்தம் வந்தது.

"இன்னும் பத்து அடிதான். என்னை நம்புற இல்ல?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு. பிறகு பனிக்குள்ளிருந்து இருவரும் வந்தார்கள். ஐஸ்வர்யாவின் கண்களை அவளுடைய துப்பட்டாவாலேயே கட்டியிருந்தது. அவன் பின்னால் நின்று அவள் இரண்டு தோளிலும் கை வைத்திருந்தான்.

"கண்ணு, அங்கயே நில்லு!"

தொண்டை கிழியக் கத்தினாளாம். ஐஸ்வர்யா கண்கட்டைப் பிடுங்கி எறிந்தாள். எதிரே வெள்ளைச் சேலையில் தலைவிரி கோலமாக ஒரு உருவம், அதற்குப் பின்னால் பாதாளம். வீறிட்டு அலறிப் புருஷனைக் கட்டிக்கொண்டாள். அவன் மட்டும் அசையவே இல்லை. "அக்கா, நீங்க பூசைக்குப் போகலையா?" என்று கேட்டான். மணி என்ன ஆச்சு என்று கேட்பது மாதிரி கேட்டானாம்.

காட்டேஜுக்குத் திரும்பி அவன் பெட்டி கட்டப் போனபோது, ஆன்மேரி அந்தப் பெண்ணைச் சமையலறைக்கு இழுத்து, அவன் கேட்ட கேள்வி ஒன்று விடாமல் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்கூட வண்டில ஏறாத சாமி, எங்க ஊட்டுக்காரர் உன்னய உங்கம்மா ஊட்டுல கொண்டு போயி உடுவாரு" என்று கெஞ்சினாள்.

ஐஸ்வர்யா கையை உதறினாள். "அந்தப் பாறையைச் சொன்னது நீங்கதானே ஆன்ட்டி? கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போகச் சொன்னதும் நீங்கதான்னு அவர் சொன்னார். நான் கண்ணைத் திறந்தப்ப அங்க ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தது யாரு? அவரா?"

பாறையைச் சொன்னது உண்மை. கண்ணைக் கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொண்டு மற்றதை மறுத்தால் யார் நம்புவார்கள்? ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற ஆன்மேரி நகர்ந்து அவளுக்கு வழிவிட்டாள்.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். ஐஸ்வர்யா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினாள். ஆன்மேரி கிட்டே போனதும் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவன் சாவியைக் கொடுத்து, "ஹாப்பி கிறிஸ்துமஸ், அக்கா" என்றான்.

வேலைக்காரம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று ஓனருக்கு மெயில் போயிற்று. ஆண்டனி ராஜ் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெஜிஸ்டரில் எழுதியிருந்த அந்தப் பெண்ணின் நம்பருக்கு ஆன்மேரி எத்தனையோ தடவை அடித்துப் பார்த்தாள், போகவே இல்லை. இப்போது போனில் யாராவது நல்ல இடம் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்று வைத்துவிடுகிறாள்.

வாரம் ஒருமுறை என் கடையில் வந்து உட்காருவாள். "ராணி, அந்தப் புள்ள உசுரோட இருக்குதா?" என்பாள்.

"அவன் நல்லவனாத்தான் இருப்பான், நீயா எதையாச்சும் நெனச்சுக்காத" என்று நான் தைரியம் சொல்லி அனுப்புவேன். அவள் போனபின் சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவேன். என் சிநேகிதி பைத்தியக்காரியாகவே இருக்கட்டும் சாமி, வேறொன்றும் நான் கேட்கவில்லை.